உஷார்! பழைய கார் இன்ஜினுக்குள் கட்டிக் கிடக்கும் ஆயில்

பழைய கார் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும், வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் அவசரமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. பாலிஷ் போட்ட பெயின்ட், ஒரே செல்ஃபில் ஸ்டார்ட், ஜில்லென்ற ஏசி, புது டயர் என்று எல்லாம் சரியாக இருக்கும் காரிலும் இன்ஜினுக்குள் ஆயில் தார் போலக் கட்டிக் கிடக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருநாள் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது எண்ணெய்க் கெண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். 'அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டினால், அடுத்த ஊர் வருவதற்குள் இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆயில் கட்டிய இன்ஜின்கள் இப்படித்தான் சாகின்றன. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கவனிக்காமல் விட்டதால் சாகும் இன்ஜின்கள் ஒரு பக்கம் என்றால், கட்டியிருப்பது தெரிந்ததும் அவசரப்பட்டுக் கழுவியதால் சாகும் இன்ஜின்கள் மறுபக்கம். இரண்டுக்குமே எமன் உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்றுதான்: ஆயில் சேம்பருக்குள் இருக்கும் சின்னச் சல்லடை.

அந்தச் சல்லடையில் என்ன நடக்கிறது?

இன்ஜினின் அடியில் இருக்கும் சேம்பரில் ஆயில் தேங்கி நிற்கும். ஆயில் பம்ப் அதை ஒரு குழாய் வழியாக உறிஞ்சி மேலே அனுப்பும். அந்தக் குழாயின் வாயில் கம்பி வலைச் சல்லடை ஒன்று இருக்கிறது. மெக்கானிக்குகள் ஸ்ட்ரெய்னர் என்பார்கள். உறிஞ்சப்பட்ட ஆயில் ஃபில்டரைக் கடந்து கிராங்க், கனெக்டிங் ராட் பேரிங், கேம் ஷாஃப்ட், டைமிங் செயின் டென்ஷனர், டர்போ என்று எல்லா இடத்துக்கும் அழுத்தத்தோடு போகிறது.

பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அந்த இடைவெளியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆயில் படலம்தான் இரும்பை இரும்போடு உரச விடாமல் தாங்குகிறது. டர்போவின் தண்டோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதற்கும் இந்த ஆயில்தான் ஆதாரம். சல்லடையில் கட்டி அடைத்துக்கொண்டால், சேம்பரில் நாலு லிட்டர் ஆயில் இருந்தும் மேலே ஒரு சொட்டும் போகாது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் அளவு சரியாகக் காட்டும். இன்ஜினோ வறண்டுபோய்த் தேயும். 'ஆயில் லெவல் சரியாத்தானே இருக்கு' என்ற நம்பிக்கையில் பலர் ஏமாறுவது இதனால்தான்.

ஆயில் ஏன் கட்டுகிறது?

முதல் காரணம் சூடு. சூடான ஆயில் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் பொதுவான கணக்கு. அழுக்கைக் கரைத்துத் தன்னுள் வைத்திருக்க ஆயிலில் ரசாயனங்கள் சேர்க்கிறார்கள். ஓட ஓட அவை தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகும் அதே ஆயிலில் ஓட்டினால், அழுக்கு பிரிந்து போய் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலும் சேம்பரின் அடியிலும் படியும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு மட்டும் புகையோடும் எரியாத பெட்ரோலோடும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிச் சேம்பருக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அது ஆவியாகி, சேம்பரில் சேரும் புகையை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாகப் போய்விடும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் திரும்பினால் அது போகவே போகாது. ஆயிலோடு கலந்து, அமிலமாகி, குழம்பாகும்.

மூன்றாவது காரணம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் செய்யும் ஒரு தவறு. வண்டி ஹீட் ஆகிறது என்று போனால், 'தெர்மோஸ்டாட் வால்வைத் தூக்கிடலாம் சார், நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?' என்று கழற்றிவிடுகிறார்கள். செய்யவே கூடாத வேலை இது. இன்ஜின் 80, 90 டிகிரிக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வால்வு இருக்கிறது. அது இல்லாத இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும். ஹீட் ஆவதற்கான உண்மையான காரணம் ரேடியேட்டரிலோ வாட்டர் பம்பிலோ இருக்கலாம். அதைப் பார்க்காமல் வால்வைக் கழற்றினால் ஒரு நோய்க்கு இன்னொரு நோயை வாங்கியதாகும்.

நான்காவது, அடைத்துப்போன பிசிவி வால்வும் பிரீதர் குழாயும். விலை குறைந்த உதிரிபாகம் என்பதால் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது அடைத்தால் புகையும் ஈரமும் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஆயிலைக் கெடுக்கும்.

இன்ஜின் வடிவமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. 1997 முதல் 2002 வரையிலான மாடல்களில் வந்த டொயோட்டாவின் 3.0 லிட்டர் வி6, 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் ஆயில் கட்டுவதாக அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. 2002-ல் அந்த நிறுவனம் சுமார் 33 லட்சம் கார்களுக்கு, வாங்கிய நாளிலிருந்து எட்டு வருடம் வரை பழுதுபார்த்துத் தரும் திட்டத்தை அறிவிக்க வேண்டியிருந்தது. ஃபோக்ஸ்வாகன் பசாட்டின் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கும் அங்கே 2004-ல் இதே போல எட்டு வருடப் பாதுகாப்பு தரப்பட்டது. உலகப் பெயர் பெற்ற இன்ஜின்களுக்கே இந்த நிலை என்றால், 'நம்ம வண்டி எதையும் தாங்கும்' என்று யாரும் மெத்தனமாக இருக்க முடியாது.

'டாக்டர் ஓட்டின வண்டி சார்!'

பழைய கார் சந்தையில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. ஒரே ஓனர், பத்து வருடத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர்தான், வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு. கேட்கும்போதே ஆசை வரும். ஆயில் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வண்டியே இதுதான். தினமும் சின்னத் தூரம் மட்டுமே ஓடிய இன்ஜின் முழுச் சூட்டை அபூர்வமாகத்தான் கண்டிருக்கும். கிலோமீட்டர் ஏறவில்லை என்று இரண்டு, மூன்று வருடம் ஆயில் மாற்றாமல் விட்டிருப்பார்கள். சர்வீஸ் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்றுதான் பல கம்பெனிகள் போட்டிருக்கின்றன. அந்த 'ஒரு வருடம்' என்ற பாதியைப் பெரும்பாலானோர் படிப்பதில்லை. முப்பதாயிரம் ஓடிய இந்த வண்டியை விட, நெடுஞ்சாலையில் ஒன்றரை லட்சம் ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டியின் இன்ஜின் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளிடமும் உஷார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த வண்டியில் ஆயிலை மட்டும் மாற்றி விற்றிருந்தால், சேம்பரின் அடியில் சேறும் குழம்பும் மிஞ்சியிருக்கும்.

வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

இன்ஜின் ஆறிய நிலையில் வண்டியைப் பார்க்கப் போங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். செல்போன் டார்ச்சை அடித்து மூடியின் வாய் வழியாக உள்ளேயும் பாருங்கள். வெளிர் தேன் நிறத்தில் உலோகம் தெரிந்தால் நல்லது. பழுப்பாகக் கறை மட்டும் இருந்தால் சுமார். கறுப்பாகத் திட்டுத் திட்டாக, விரலால் சுரண்டினால் உருண்டு வரும்படி இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

மூடியில் வெண்பழுப்பாகக் குழம்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் இடங்களில் சின்னத் தூரம் ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் கொஞ்சம் இப்படிப் படிவது உண்டு. டிப்ஸ்டிக்கிலும் அதே குழம்பு இருந்து, கூலன்ட்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். புது ஆயில் ஊற்றிய கொஞ்ச தூரத்திலேயே டீசலில் அது கறுத்துவிடும். நிறத்தை விடுங்கள், கட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'இப்பத்தான் சார் ஆயில் மாத்தினேன்' என்ற வார்த்தையையும் நம்பி விடாதீர்கள். புது ஆயில் டிப்ஸ்டிக்கில் பளபளக்கும், பழைய கட்டி டேப்பட் கவருக்குள் அப்படியே இருக்கும்.

இனி ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு ஓரிரு விநாடிகளில் அணைய வேண்டும். சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லை என்றால், பல்பையோ வயரையோ எடுத்துவிட்டு மறைக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். மேலே டேப்பட் சத்தமோ, முன்பக்கம் செயின் சத்தமோ வந்து மெதுவாக அடங்கினால், ஆயில் மேலே ஏற நேரம் பிடிக்கிறது என்று அர்த்தம். பழைய ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா, புன்ட்டோ கார்களில் வந்த 1.3 லிட்டர் டீசலைப் போல டைமிங் செயின் இருக்கும் இன்ஜின்களில் இந்தச் சத்தத்தை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அந்தச் செயினை இறுக்கிப் பிடிப்பதே ஆயில் அழுத்தம்தான்.

பிறகு அரை மணி நேரமாவது ஓட்டி, நன்றாகச் சூடானதும் ஐடிலில் விட்டுப் பாருங்கள். அப்போது சிவப்பு விளக்கு மினுக்கினால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். வண்டி உங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்றால், விலை பேசுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கை வைத்து ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இன்ஜினுக்குக் கம்பெனி சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். சின்ன வேலைதான். வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு தெளிவாக உண்மையைச் சொல்லாது.

விளக்கு எரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்

சிவப்பு ஆயில் விளக்கு 'சீக்கிரம் ஆயில் மாற்றுங்கள்' என்று நினைவூட்டும் விளக்கு இல்லை. பெரும்பாலான கார்களில் அழுத்தம் மிக மோசமாக விழுந்த பிறகுதான் அது எரியும். எரிந்தால் ஓரமாக ஒதுங்கி, உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஊற்றி, விளக்கு அணைகிறதா என்று பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் எரிகிறது என்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். இழுவைச் செலவு சில ஆயிரம். பேரிங் அடித்துவிட்டால் செலவு பல ஆயிரம், டர்போ டீசலாக இருந்தால் லட்சத்தையும் தாண்டும்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவாதீர்கள்!

இந்த எச்சரிக்கையில் இதுதான் மிக முக்கியம். ஆயில் கட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் பல இடங்களில் சொல்லும் வைத்தியம், ஒரு லிட்டர் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு இறக்குவது. ஆயில் நீர்த்துப்போய்ப் படலம் அறுந்த நிலையில் இன்ஜின் ஓடுகிறது. அதே நேரத்தில், வருடக்கணக்கில் ஒட்டியிருந்த கட்டிகள் துண்டு துண்டாகப் பெயர்ந்து சேம்பரில் விழுகின்றன. போய் உட்காரும் இடம் அந்தச் சல்லடை. நேற்று வரை ஏதோ ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், கழுவிய மறுநாள் நின்றுபோவது இப்படித்தான்.

கடைகளில் டின்னில் கிடைக்கும் இன்ஜின் ஃப்ளஷ்ஷுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். லேசான கறை மட்டுமே இருக்கும் இன்ஜினில், டின்னில் எழுதியிருக்கும் நேரம் ஐடிலில் விட்டு உடனே இறக்கினால் கெடுதல் இல்லை. அதை ஊற்றிக்கொண்டு வண்டியை ஓட்டவே கூடாது. கட்டி கட்டியாக இருக்கும் இன்ஜினில், சேம்பரைக் கழற்றிப் பார்க்காமல் எந்த ஃப்ளஷ்ஷும் வேண்டாம்.

சரியான வைத்தியம்

முதலில் டேப்பட் கவரைக் கழற்றி எவ்வளவு கட்டியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். அடுத்து சேம்பரை இறக்கச் சொல்லுங்கள். சில கார்களில் இதற்குக் கூடுதல் வேலை உண்டு, கூலியும் கூடும். அதற்காக விட்டுவிடாதீர்கள். சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்யட்டும், வலை சேதமாகியிருந்தால் புதிது போடட்டும். சேம்பர், டேப்பட் கவர் ஆகியவற்றைக் கழற்றி வெளியே வைத்துக் கழுவலாம். இன்ஜினோடு இருக்கும் பாகங்களில் உள்ள கட்டியைப் பிளாஸ்டிக் கரண்டியால் மெதுவாக வழித்து வெளியே எடுக்க வேண்டும், உள்ளே தள்ளக் கூடாது. உப்புத்தாள், தேய்க்கும் சக்கரம் எதையும் பக்கத்தில் கொண்டுவர விடாதீர்கள். அதிலிருந்து உதிரும் துகள் ஆயிலோடு போய்ப் பேரிங்கை அறுக்கும்.

மூடும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசினால், உட்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து விழுந்து அதே சல்லடையை அடைக்கும். தேவையான அளவு மட்டும் மெல்லிய கோடாகப் போட வேண்டும். பிசிவி வால்வு, ஆயில் ஃபில்டர், கேஸ்கட் மூன்றும் புதிதாகப் போடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் மாட்டச் சொல்லுங்கள்.

புது ஆயிலில் 500 முதல் 1,000 கிலோமீட்டர் ஓட்டியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே என்ன சேர்கிறது என்பது தெரியும். அடுத்து 2,000, அதற்கடுத்து 3,000 என்று இடைவெளியை மெல்லக் கூட்டுங்கள். நல்ல ஆயிலே மிச்சக் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். மெதுவான வைத்தியம்தான், ஆனால் இன்ஜினுக்குப் பாதுகாப்பானது. ஃபில்டரில் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ உலோகத் துகள் மின்னினால் பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. அப்போது ஆயில் வைத்தியம் போதாது, இன்ஜினைப் பிரித்தாக வேண்டும்.

இனி கட்டாமல் இருக்க

● போக்குவரத்து நெரிசல், சின்னத் தூரம், தூசி, நீண்ட நேரம் ஏசி போட்டு நிறுத்தி வைப்பது எல்லாம் இன்ஜினுக்குக் கடுமையான சூழல். நம் நகரங்களில் ஓடும் பழைய காருக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

● புத்தகத்தில் என்ன கிரேடு, என்ன தரம் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். 'பழைய இன்ஜின், கெட்டியான ஆயில் ஊத்துங்க' என்ற யோசனை சத்தத்தை மறைக்கும், நோயைத் தீர்க்காது.

● ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ஃபில்டரில் தேங்கிய அழுக்கு புது ஆயிலில் கலந்துவிடும்.

● போலி ஆயிலிடம் உஷார். நம்பகமான கடையில் பில்லோடு வாங்குங்கள். சீல் உடைவதைக் கண்ணால் பாருங்கள். காலி டின்னை ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் விட்டுவரும் நல்ல டின்னில்தான் நாளை போலி ஆயில் அடைக்கப்படும்.

● வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். உள்ளே தேங்கிய ஈரம் வெளியேறும்.

● குறைந்தால் ஊற்றுவதும், ஆயில் மாற்றுவதும் ஒன்றல்ல. மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் அடியில் இருப்பது கெட்டுக்கொண்டேதான் இருக்கும்.

● பிஎஸ்-6 டீசல் கார் வைத்திருப்பவர்கள் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் டீசல் சேம்பரில் இறங்கும். அளவு ஏறினால் உடனே ஆயிலை மாற்றுங்கள்.

சின்னக் கார்களுக்குத் தேவைப்படுவது மூன்று, நாலு லிட்டர் ஆயில்தான். அந்தச் செலவைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பிறகு இன்ஜினையே மாற்றும் செலவைச் சுமக்கிறார்கள். இந்த வாரமே உங்கள் காரின் ஆயில் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கட்டி தெரிந்தால் யார் சொன்னாலும் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். முதலில் சேம்பரை இறக்கி, சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள்.